கைட்டோசான் படலம் உப்புக் கரைசலில் கரைவது ஏன்?

புண்ணின் மேல் போட, 1% அசிட்டிக் அமிலத்தில் 2% கைட்டோசான் (இறால், நண்டு ஓடுகளிலிருந்து எடுக்கும் பாலிமர்) கரைத்து வார்த்த படலம், உப்புக் கரைசலில் பத்தே நிமிடத்தில் கொழகொழத்துவிடுகிறது என்று எழுதியிருந்தீர்கள். கைட்டோசானில் குறையில்லை. காய்ந்த பின்பும் அது அசிடேட் உப்பாகவே இருக்கிறது. அதிலுள்ள நைட்ரஜன் கொண்ட அமீன் தொகுதிகள் நேர்மின்னேற்றத்தோடு இருப்பதால், நீர் பட்டதும் ஊதிக் கரைகிறது.

அந்த மின்னேற்றத்தை நீக்க, படலத்தை 4% சோடியம் ஹைட்ராக்சைடு என்ற காரக் கரைசலில் அரை மணி நேரம் ஊறவையுங்கள். பிறகு காய்ச்சி வடித்த நீரை மாற்றி மாற்றி, கழுவிய நீரின் பிஎச் 7 அருகே வரும்வரை அலசுங்கள். இதில் அவசரம் வேண்டவே வேண்டாம், மிச்சக் காரம் புண்ணை அரித்துவிடும்.

சும்மா காயவிட்டால் பொரித்த அப்பளம்போல் நெளியும். சட்டத்தில் இறுக்கிக் காயவையுங்கள். படலம் நெகிழ்வாக இருக்க முன்பே கலந்த கிளிசரின் அலசலில் போய்விடும், அதைக் கடைசியில் கொடுங்கள். பாலிமர் சங்கிலிகளைப் பிணைத்துக் கரையாமல் செய்யும் குளூட்டரால்டிஹைடு மட்டும் வேண்டாம், மிச்சமிருந்தால் செல்களைக் கொல்லும்.