45 நாள் குட்டிக்கு 'எல்லா ஊசியும்' எப்படிப் போட்டிருப்பார்கள்?

கேள்வி: மகனுடைய ஐந்தாவது பிறந்தநாளுக்கு ஒரு புரோக்கர் மூலம் 45 நாள் லேப்ரடார் குட்டி வாங்கினோம். விளையாடும்போது பல் பட்டு அவன் கையில் லேசாக ரத்தம் வந்தது. மாமியார் சுண்ணாம்பு தடவினார். பக்கத்து கிளினிக்கில் ஓர் ஊசி போட்டோம். "எல்லா ஊசியும் போட்ட குட்டி, அட்டை இருக்கு" என்கிறார் விற்றவர். 3 நாள் ஆகிவிட்டது. இது போதுமா? குட்டியைத் திருப்பிக் கொடுத்துவிடலாமா?
- ஒரு வாசகி, ஈரோடு

கால்நடை மருத்துவரின் பதில்: போதாது. இன்றே பையனை அரசு மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள். 3 நாள் போய்விட்டதே என்று தயங்காதீர்கள். தாமதமானாலும் தொடங்கத்தான் வேண்டும்.

முதலில் அந்த அட்டை. நாய்க்கு ரேபிஸ் (வெறிநாய்க்கடி நோய்) தடுப்பூசி வழக்கமாக 3 மாத வயதில்தான் போடப்படும். அது வேலை செய்யவும் சில வாரங்கள் ஆகும். 45 நாளில் போட்டிருந்தால் பார்வோ, டிஸ்டெம்பர் போன்ற நாய்களின் நோய்களுக்கானதாக இருக்கும். அதற்கும் உங்கள் பையனுக்கும் சம்பந்தமில்லை. மருந்துக் குப்பியின் ஸ்டிக்கரும் மருத்துவரின் கையெழுத்தும் பதிவு எண்ணும் இல்லாத அட்டை வெறும் காகிதம். அச்சடித்த அட்டைகளைக் கட்டாக வைத்துக்கொண்டு தாங்களே நிரப்பித் தரும் புரோக்கர்கள் இருக்கிறார்கள். 8 வாரம் ஆகாத குட்டியை விற்கவே கூடாது என்று 2017-ல் மத்திய அரசு விதி போட்டது. விதி இருக்கிறது, சரி. சந்தையில் யார் போய்ப் பார்க்கிறார்கள்?

அடுத்து அந்த கிளினிக் ஊசி. மருந்துச் சீட்டை எடுத்துப் பாருங்கள். 'டிடி' என்று இருந்தால் அது ரண ஜன்னிக்கானது, ரேபிஸைத் தடுக்காது. இதைப் போட்டுவிட்டு நிம்மதியாக இருக்கும் பெற்றோர் நிறையப் பேர். நாய்க்கடி ஊசி ஒன்றோடு முடிவதும் இல்லை. அரசு மருத்துவமனையில் தோலுக்குள் போடும் முறையில் தொடங்கும் நாள், பிறகு 3, 7, 28-ஆம் நாட்கள். இடுப்பில் போடக் கூடாது. ரத்தம் வந்த காயம் என்பதால் காயத்தைச் சுற்றிப் போடும் இம்யூனோகுளோபுலினும் (கிருமியை உடனே எதிர்க்கும் மருந்து) வேண்டும். கேட்டு வாங்குங்கள். சிறிய நிலையத்தில் "ஸ்டாக் இல்லை, பெரிய ஆஸ்பத்திரிக்குப் போங்க" என்பார்கள். குழந்தையைத் தூக்கிக்கொண்டு அலைய வைப்பது அநியாயம்தான், ஆனாலும் போங்கள். தடுப்பூசியை மட்டும் முதலிலேயே போட்டுக்கொண்டால், அதிலிருந்து 7 நாளுக்குள் இதைப் போடலாம்.

சுண்ணாம்பு, மிளகாய்த்தூள், காப்பித்தூள் எதுவும் வேண்டாம். சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவுவதுதான் முதலுதவி. இன்னும் கழுவவில்லை என்றால் இப்போதாவது கழுவுங்கள்.

"10 நாள் நாயைப் பார்த்துவிட்டு ஊசி போடலாம்" என்று யாராவது சொல்வார்கள். எல்லோரும் தலைகீழாகப் புரிந்துகொள்ளும் விதி இது. ஊசியைத் தொடங்கிவிட்டுத்தான் நாயைக் கவனிக்க வேண்டும். கடித்த நாளிலிருந்து 10 நாள் நாய் நலமாக இருந்தால், கடித்தபோது அதன் எச்சிலில் கிருமி இல்லை என்று பொருள். மிச்ச ஊசிகளை என்ன செய்வது என்பதை அப்போது மருத்துவர் சொல்வார். இந்தச் சலுகை, கண் முன்னால் கட்டிவைத்துப் பார்க்கக்கூடிய நாய்க்கும் பூனைக்கும்தான். தெருவில் கடித்துவிட்டு ஓடிய நாய்க்குப் பொருந்தாது. 'அதே நாய் மாதிரிதான் இருந்தது' என்பதெல்லாம் கணக்கில் வராது. காத்திருந்து, நாய் செத்த பிறகு ஓடி வருகிறவர்களும் உண்டு. நோய் அறிகுறி மனிதருக்கு வந்துவிட்டால் பிறகு காப்பாற்ற வழி கிடையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

குட்டி வேண்டுமென்றே கடிக்கவில்லை. பால் பல் முளைக்கும் வயது, கையில் கிடைத்ததைக் கடிக்கும். கையை ஆட்டி விளையாட விடாதீர்கள், கடிக்கப் பொம்மை கொடுங்கள். அது தின்னும்போதும் தூங்கும்போதும் பையன் கிட்டே போகக் கூடாது, முகத்தோடு முகம் வைத்துக் கொஞ்சவும் கூடாது. பெரியவர் ஒருவர் இல்லாமல் இருவரையும் ஒரே அறையில் விடாதீர்கள்.

திருப்பிக் கொடுக்கும் யோசனையை அந்த 10 நாள் முடியும்வரை ஒத்திவையுங்கள். இப்போதே கொடுத்தால் புரோக்கர் அடுத்த நாளே அதை வேறு வீட்டுக்கு விற்றுவிடுவார், கவனிக்க உங்களிடம் நாய் இருக்காது. குட்டி சோர்ந்தாலோ, தின்ன மறுத்தாலோ, செத்தாலோ, புதைக்கும் முன் கால்நடை மருத்துவரையும் பையனுக்கு ஊசி போடும் மருத்துவரையும் அழையுங்கள்.