விஸ்கி கலந்த சூடான தேநீர் ஏன் கசக்கிறது?

செபராங் பிறையிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "ஸ்காட்லாந்தில் படித்த காலத்தில், குளிர்காலத்துக்கு விஸ்கி கலந்த சூடான தேநீர் போட்டுத் தருவார்கள். டிசம்பரில் உறவுக்காரர்கள் பத்துப் பேர் பினாங்கின் கொடிமலையில் ஒரு பங்களாவில் தங்கப் போகிறோம். அங்கே போடலாமென்று வீட்டில் செய்து பார்த்தேன். ஒரே கசப்பு. வாயருகே கொண்டுபோனாலே நெடி மூக்கில் ஏறுகிறது. எலுமிச்சை போட்டதோடு பாலும் ஊற்றினேன், திரிந்துவிட்டது. மாமாவுக்குச் சளி வேறு. அவருக்கும் கொடுக்கலாமா?"

கெட்டில் கொதித்ததும் டீ பேக், விஸ்கி, எலுமிச்சை எல்லாவற்றையும் ஒரே மக்கில் போடுவதுதான் பெரும்பாலும் நடக்கிறது. தேயிலைக்குக் கொதிநீர் வேண்டும், விஸ்கிக்கு அது ஆகாது. இரண்டையும் பிரித்துவிட்டால் உங்கள் சிக்கலில் பாதி தீர்ந்துவிடும்.

ஆல்கஹால் 78 டிகிரியிலேயே கொதிக்கும். கொதிக்கும் தேநீரில் விஸ்கியை ஊற்றினால் ஆவி ஒரேயடியாகக் கிளம்பும். மூக்கில் ஏறுகிற நெடி அதுதான். விஸ்கியின் பழவாசனை, தேன்வாசனை போன்ற மெல்லிய மணங்களும் அதோடு பறந்துவிடும். போதையும் போய்விடும் என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். ஆல்கஹாலில் பெரும்பகுதி கோப்பையிலேயே இருக்கும்.

எனவே முதலில் தேநீரைத் தனியாகப் போடுங்கள். ஒரு கோப்பைக்கு 150 மி.லி. தண்ணீர், ஒரு டீ பேக் அல்லது 2 கிராம் இலை, மூன்றிலிருந்து நான்கு நிமிடம். அதற்கு மேல் ஊறினால் துவர்ப்பு இறங்கும். விஸ்கி அந்தத் துவர்ப்பை மறைக்காது, இன்னும் எடுத்துக்காட்டும். டீ பேக்கைப் பிழியவும் வேண்டாம். கொடிமலை ஏறக்குறைய 830 மீட்டர் உயரம். அங்கே தண்ணீர் 97 டிகிரி வாக்கில் கொதித்துவிடும், அதனால் அரை நிமிடம் கூடுதலாக ஊறவிடலாம். தே தாரிக் என்னும் ஆற்றிய பால்தேநீருக்குப் போடும் தூள் வேகமாகக் கடுத்துவிடும். கேமரன் மலை இலைத் தேயிலையே இதற்குச் சரி. 1929-இல் தொடங்கிய போ (BOH) தோட்டத்துத் தேயிலை எந்தக் கடையிலும் கிடைக்கும். நம் ஆட்கள் தலைமுறை தலைமுறையாகக் கொழுந்து கிள்ளிய மலை அது. வெளிநாட்டுத் தேயிலை தேடி அலைய வேண்டியதே இல்லை.

இலையை எடுத்தபின், சூடு இருக்கும்போதே இரண்டு தேக்கரண்டி தேனைக் கரையுங்கள். எனக்குத் தேனைவிடக் குலா மலாக்கா என்னும் தென்னை வெல்லம்தான் பிடிக்கும். அதன் கருகிய இனிப்பு விஸ்கியோடு ஒட்டிக்கொள்ளும். பிறகு இரண்டு மூன்று நிமிடம் ஆறவிட்டு, வெந்நீர் ஊற்றிச் சூடாக்கி வைத்த மக்கில் முதலில் 45 மி.லி. விஸ்கி, அதன்மேல் தேநீர். கடைசியில் இரண்டு லிமாவ் கஸ்தூரி (சிறு எலுமிச்சை) பிழியுங்கள். புளிப்பு பட்டதும் தேநீரின் நிறம் வெளுக்கும். அது இயல்புதான், சாயம் போதவில்லையென்று இலையைக் கூட்டாதீர்கள். மேலே ஜாதிக்காயைக் கொஞ்சம் சீவிப் போட்டால் பினாங்கு மணம் வந்துவிடும், பாலிக் புலாவ் பக்கம் விளைவதாயிற்றே.

விலையுயர்ந்த சிங்கிள் மால்ட்டை இதில் கொட்டுவது வீண். ஜேம்சன் போன்ற மென்மையான ஐரிஷ் விஸ்கியோ சாதாரண ஸ்காட்ச் கலவையோ போதும். குலா மலாக்கா போடுவதானால் வெனிலா வாசமுள்ள அமெரிக்க விஸ்கியான பூர்பன் இன்னும் நன்றாகப் பொருந்தும். புகைவாசம் தூக்கலான, ஸ்காட்லாந்தின் ஐலா தீவு விஸ்கியைப் பத்துப் பேருக்குப் போடும்போது தவிர்த்துவிடுங்கள். பிடிப்பவருக்கு உயிர், பிடிக்காதவருக்கு மருந்து வாசம்.

பத்துப் பேருக்கு ஒன்றரை லிட்டர் தண்ணீர். ஒரு விரல் அளவு இஞ்சியைத் தட்டிப்போட்டு, பட்டை ஒரு துண்டு, கிராம்பு நான்கைந்து சேர்த்துப் பத்து நிமிடம் கொதிக்கவிட்டு, அந்த நீரில் தேயிலையைப் போடுங்கள். பிறகு வடிகட்டி ஃபிளாஸ்கில் ஊற்றுங்கள். மசாலாவை உள்ளேயே விட்டால் கிராம்பு நாக்கை மரக்கவைக்கும், பட்டை கொழகொழவென்று ஆகிவிடும். விஸ்கியை ஃபிளாஸ்கில் கலக்க வேண்டாம், மக்கில்தான். 700 மி.லி. போத்தல் ஒன்று பதினைந்து மக்குக்கு வரும். குடிக்காதவர்களுக்கும் பிள்ளைகளுக்கும் அதே ஃபிளாஸ்கிலிருந்து இஞ்சித் தேநீர் கிடைத்துவிடும்.

பால் வேண்டுமென்றால் புளிப்பை அடியோடு விட்டுவிடுங்கள். பாலின் புரதம் அமிலத்தில் கட்டிப்போகும், உங்களுக்கு நடந்ததும் அதுதான். எலுமிச்சைக்குப் பதில் கெட்டிப்பால் ஒரு தேக்கரண்டி, இனிப்பும் அதிலேயே இருக்கிறது. இஞ்சியும் பச்சையாகப் பட்டால் பாலைத் திரிக்கும், அதனால் கொதித்த இஞ்சிநீர்தான் ஆகும்.

ஒரு மக்கில் ஏறக்குறைய 18 மி.லி. சுத்த ஆல்கஹால் இருக்கிறது, ஒரு கேன் பியருக்குக் குறையாது. இனிப்பும் சூடும் அதை மறைத்துவிடும் என்பதால் சொல்கிறேன். மலையிலிருந்து ரயிலில் இறங்கியபின் பினாங்குப் பாலம் தாண்டிக் காரோட்டப் போகிறவர் குடிக்கவே கூடாது. மலேசியாவில் 2020-இல் சட்டம் திருத்தப்பட்டபின் ஓட்டுநருக்கான உச்ச அளவு 100 மி.லி. ரத்தத்தில் 50 மில்லிகிராம்தான்.

மாமாவுக்கு வேண்டாம். விஸ்கி சளியைக் குணப்படுத்தாது. தோலில் ரத்தக்குழாய்கள் விரிவதால் கதகதப்பாகத் தெரியும், ஆனால் உடம்பின் சூடு அதன் வழியாகவே வெளியே போகும். மலைக்குளிரில் வயதானவருக்கு அது நல்லதல்ல. பனடோல் (பாராசிட்டமால்) போட்டுக்கொண்டிருந்தால் ஆல்கஹால் ஈரலுக்கும் சுமை. தொண்டைக்கு இதம் தருவது சூடும் தேனும் இஞ்சியும்தான். சூடும் இஞ்சியும் ஃபிளாஸ்கிலேயே இருக்கிறது, அவருக்கு முதல் மக்கை அதிலிருந்து ஊற்றித் தேன் கலந்து கொடுத்துவிட்டு விஸ்கி போத்தலைத் திறங்கள்.