ஜூனியருக்குக் கிடைத்த பதவி உயர்வு: வேலையை விட்டுவிடலாமா?

கேள்வி: எனக்கு வயது 36. ஒரகடத்தில் ஒரு வாகன உதிரிபாகத் தொழிற்சாலையில், தரக் கட்டுப்பாட்டுப் பிரிவில் சீனியர் இன்ஜினியராக இருக்கிறேன். சேர்ந்து 11 ஆண்டு 4 மாதம் ஆகிறது. சி.டி.சி. (கம்பெனி எனக்காகச் செய்யும் மொத்த ஆண்டுச் செலவு) 9 லட்சம், அடிப்படைச் சம்பளம் மாதம் 35,000, கைக்கு வருவது 64,000. கணவர் செல்போன் சர்வீஸ் கடை வைத்திருக்கிறார், மாதம் 25,000 முதல் 30,000 வரை வரும். மகளுக்கு நான்கு வயது. சர்க்கரை நோய் உள்ள அம்மாவும் எங்களோடு இருக்கிறார். உதவி மேலாளர் பதவி எப்படியும் வந்துவிடும் என்று நம்பி, இரண்டு ஆண்டுக்கு முன் கூடுவாஞ்சேரியில் ஃபிளாட் வாங்கினோம். 40 லட்சம் கடன், 20 ஆண்டு, 8.5 சதவீத ஃபுளோட்டிங் (மாறும்) வட்டி, இ.எம்.ஐ. 34,700. வீட்டுச் செலவு 38,000. வங்கியில் சேமிப்பு 70,000. மகப்பேறு விடுப்பு முடிந்து வந்த ஆண்டு பதவி உயர்வு தள்ளிப்போனது. இந்த ஆண்டு, நான் வேலை கற்றுக்கொடுத்த பையனுக்கு அந்தப் பதவியைக் கொடுத்துவிட்டார்கள். ஆனால் கஸ்டமர் புகார் எது வந்தாலும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். வெறுத்துப்போய்விட்டது. ராஜினாமா செய்துவிட்டு, பி.எஃப். பணம் 6 லட்சத்தை எடுத்து வீட்டுக் கடனில் கட்டிவிட்டு, நிதானமாக வேறு வேலை தேடலாம் என்று இருக்கிறேன். சரிதானா?

பதில்: வேலையை மாற்றுவதில் தவறே இல்லை. ஆனால் கையில் ஆஃபர் இல்லாமல் இந்த மாதம் வேண்டாம். பி.எஃப். பணத்தைத் தொடவே வேண்டாம். காரணங்களைக் கணக்கோடு சொல்கிறேன். அதற்கு முன், உங்கள் பெயர் ஏன் விடுபட்டது என்பதைப் பேசிவிடுவோம், ஏனென்றால் அது புரியாமல் எங்கே போனாலும் இதே கதை நடக்கலாம்.

ஆலோசனைத் தொழிலுக்கு வருவதற்கு முன் நான் ஒரு தொழிற்சாலையின் கணக்குப் பிரிவில் இருந்தேன். ஆண்டுதோறும் பட்ஜெட் ஷீட்டோடு அப்ரைசல் கூட்டத்தில் உட்காருவது என் வேலை. அடுத்த ஆண்டு எந்தப் பிரிவில் எத்தனை பதவி உயர்வு என்ற எண்ணிக்கை டிசம்பரிலேயே முடிவாகிவிடும். மார்ச்சில் அப்ரைசல் ஃபாரத்தைப் பார்த்துப் பார்த்து நிரப்பும் யாருக்கும் அது தெரியாது. அச்சுகளைச் செய்து பழுது பார்க்கும் எங்கள் டூல் ரூமில் ஒருவர் இருந்தார். அச்சு எது பழுதானாலும் அவர் கை பட்டால்தான் சரியாகும். மூன்று ஆண்டு தொடர்ந்து அவர் பெயர் பட்டியலில் வந்தது, மூன்று ஆண்டும் விடுபட்டது. அவர் பெயருக்கு எதிரே பென்சிலில் எழுதியிருந்ததை நான் பார்த்தேன்: "இவரை எடுத்தால் லைன் நிற்கும்." அதை அவரிடம் சொல்லும் உரிமை எனக்கு இல்லை. இன்றைக்கும் அது எனக்கு உறுத்துகிறது.

"கஸ்டமர் புகார் எது வந்தாலும் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள்" என்று எழுதியிருக்கிறீர்கள் அல்லவா? அந்த டூல் ரூம்காரரின் நிலைதான் உங்களுடையதும். உங்களை மேலே தூக்கினால் அந்த இடத்துக்கு ஆள் பிடிக்க வேண்டும், அவர் பழக ஒரு வருடம் ஆகும், அதுவரை ஒவ்வொரு புகாருக்கும் உங்கள் மேலாளர்தான் ஓட வேண்டும். அந்தப் பையனை எடுத்தால் இந்தத் தொல்லை எதுவும் இல்லை. நீங்கள் நன்றாகச் செய்யும் வேலையே உங்களை அந்த நாற்காலியில் கட்டிப்போட்டிருக்கிறது.

இன்னொன்று யோசித்துப் பாருங்கள். கஸ்டமர் புகாருக்குக் காரணமும் தீர்வும் சொல்லும் 8டி ரிப்போர்ட்டை எழுதுவது நீங்கள். அது கஸ்டமருக்கு யார் பெயரில் போகிறது? பெரும்பாலும் மேலாளர் பெயரில்தான் போகும். முடிவெடுக்கும் கூட்டத்தில் பிளான்ட் ஹெட், உற்பத்தி, கொள்முதல், எச்.ஆர். என்று நான்கைந்து பேர் இருப்பார்கள். உங்கள் வேலையின் அருமை தெரிந்தவர் அங்கே ஒருவர்தான். அவர் வாய் திறக்காவிட்டால் அரை நிமிடத்தில் அடுத்த பெயருக்குப் போய்விடுவார்கள். அந்த அரை நிமிடத்தை நான் பலமுறை பார்த்திருக்கிறேன்.

மகப்பேறு விடுப்பு ஆண்டைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். 2017-ல் திருத்தப்பட்ட சட்டப்படி 26 வாரம் விடுப்பு உண்டு. ஆனால் பல இடங்களில் மீதி ஆறு மாத வேலையை முழு ஆண்டு வேலை செய்தவரோடு ஒப்பிட்டு "சராசரி" என்று மதிப்பெண் போட்டுவிடுகிறார்கள். அடுத்த இரண்டு மூன்று ஆண்டுக்கும் அந்தச் "சராசரி" ஃபைலில் கூடவே வரும். அதிலும் இத்தனை பேருக்குத்தான் முதல் தரம் என்று முன்கூட்டியே விகிதம் வகுக்கும் முறை இருந்தால், விடுப்பில் போனவர்தான் முதலில் கீழே தள்ளப்படுவார். ஜாக் வெல்ச் தலைவராக இருந்த காலத்தில் அமெரிக்காவின் ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பெனி பரப்பிய முறை இது. மைக்ரோசாஃப்ட் 2013-லேயே இதைக் கைவிட்டது. உங்கள் கம்பெனியில் இந்த முறை இருக்கிறதா, அந்த ஆண்டு உங்களுக்கு என்ன மதிப்பெண் என்று எச்.ஆரிடம் எழுத்தில் கேளுங்கள். கேட்பதில் கூச்சம் வேண்டாம்.

நியாயத்துக்கு மறுபக்கத்தையும் சொல்கிறேன். அமெரிக்காவில் 100-க்கும் மேற்பட்ட நிறுவனங்களின் விற்பனைப் பணியாளர்களை வைத்து மூன்று பொருளியல் ஆய்வாளர்கள் 2019-ல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். நன்றாக விற்றவர்களைத்தான் அந்த நிறுவனங்கள் அதிகம் மேலாளர் ஆக்கின, ஆனால் அவர்களுக்குக் கீழே இருந்தவர்களின் விற்பனை குறைந்தது. வேலையில் கெட்டியாக இருப்பதும் ஆட்களை நடத்துவதும் வேறு வேறு திறமை. நீங்கள் ஒரு பையனை மேலாளர் பதவிக்குத் தகுதியாகும் அளவு தயார் செய்திருக்கிறீர்கள். ஆள் நடத்தத் தெரியும் என்பதற்கு இதைவிட என்ன சாட்சி வேண்டும்? இந்த வாதத்தை நீங்கள் அவர்களிடம் வைத்தீர்களா என்று உங்கள் கடிதத்தில் இல்லை. வைக்கவில்லை என்றால் வையுங்கள்.

சரி, பணத்துக்கு வருவோம். பதவி உயர்வோடு 18 சதவீதமும், இல்லாவிட்டால் வழக்கமான 8 சதவீதமும் சம்பளம் ஏறும் என்று வைத்துக்கொண்டால் வித்தியாசம் ஆண்டுக்கு 90,000, அதாவது மாதம் 7,500. புதிய வரி முறையில் சம்பளக்காரர்களுக்கு 12.75 லட்சம் வரை வருமான வரி இல்லை என்பதால், பி.எஃப். பிடித்தம் போக மிச்சம் கைக்கு வந்திருக்கும். ஓர் ஆண்டு தள்ளிப்போனால் இழப்பு அந்த 90,000-தான். வலிக்கும், ஆனால் தாங்கலாம். கிடைக்காமலே போய், அந்த இடைவெளியும் ஆண்டுக்கு 8 சதவீதம் வளர்ந்தால் பத்து ஆண்டில் மொத்தம் சுமார் 13 லட்சம் போகும். ஆகவே இன்னும் ஓர் ஆண்டு பொறுக்கலாம். காலக்கெடு இல்லாமல் பொறுக்கக் கூடாது.

இப்போதே ராஜினாமா செய்தால் என்ன ஆகும்? மாதம் வெளியே போவது 72,700. உங்கள் சம்பளம் நின்றால் உள்ளே வருவது கணவரின் 25,000 முதல் 30,000. அது இ.எம்.ஐ.க்கே போதாது. சேமிப்பு சுமார் ஒன்றரை மாதத்துக்குத்தான் வரும். அப்புறம், இரண்டாவது மாதத்தில் வருகிற முதல் ஆஃபரை, சம்பளம் குறைவாக இருந்தாலும், வாங்கிக்கொள்ளத்தான் தோன்றும். "நிதானமாகத் தேடலாம்" என்கிறீர்கள். இந்தக் கணக்கில் நிதானத்துக்கு இடமே இல்லை.

பி.எஃப். விஷயம். ராஜினாமா செய்த மறுநாளே முழுப் பணமும் கைக்கு வராது, காத்திருக்க வேண்டும். ஐந்து ஆண்டுக்கு மேல் சர்வீஸ் இருப்பதால் எடுத்தால் வரி வராது, உண்மைதான். ஆனால் 8.5 சதவீதக் கடனை அடைக்க, வரியில்லாமல் 8.25 சதவீதம் தரும் பணத்தை உடைப்பதில் லாபம் கால் சதவீதம். 2024-25-க்கு அறிவித்த அந்த 8.25 சதவீதம் நீடிப்பதாக வைத்துக்கொண்டால் இந்த 6 லட்சம் உங்கள் 58 வயதில் 34 லட்சத்தைத் தொடும். வட்டி ஆண்டுதோறும் மாறக்கூடியது, அதனால் கொஞ்சம் குறையலாம். இருந்தாலும் உங்களைப் போல ஓய்வுக்கென்று வேறு சேமிப்பு இல்லாதவர்களுக்கு இதுதான் அடித்தளம். பி.எஃப்.போடு சேர்ந்த பென்ஷன் கணக்கில் 10 ஆண்டு முடித்துவிட்டதால் 58 வயதில் மாதப் பென்ஷனுக்கு உரிமை வந்துவிட்டது. அந்தப் பகுதியை இனி மொத்தமாக எடுக்கவும் முடியாது. வேலை மாறினால் அதே யு.ஏ.என். எண்ணில் (உங்கள் நிரந்தர பி.எஃப். எண்) புதுக் கம்பெனிக்கு மாற்றிக்கொள்ளுங்கள், போதும்.

கிராஜுவிட்டியை (விலகும்போது கம்பெனி தரும் பணிக்கொடை) நீங்கள் குறிப்பிடவே இல்லை. கடைசி அடிப்படைச் சம்பளத்தை 26 ஆல் வகுத்து 15 ஆல் பெருக்கி, அதைச் சர்வீஸ் ஆண்டுகளால் பெருக்க வேண்டும். உங்களுக்கு 11 ஆண்டுக்குக் குறைந்தது சுமார் 2.22 லட்சம். ஆறு மாதத்துக்கு மேல் ஆன துண்டு ஆண்டை முழு ஆண்டாக எடுத்துக்கொள்வார்கள். நீங்கள் 11 ஆண்டு 4 மாதத்தில் இருக்கிறீர்கள். இன்னும் இரண்டு மாதத்தைத் தாண்டி விலகினால் 12 ஆண்டுக் கணக்கு, 2.42 லட்சம். இருபதாயிரம் ரூபாயை அவசரத்தில் விட்டுவிட வேண்டாம். வேலை மாறும்போது இந்தப் பணத்தைக் கடனில் போடாமல் அவசர நிதியாக வையுங்கள்.

வீட்டுக் கடனில் உங்கள் கவனத்துக்கு வராமல் ஒரு பணம் கிடக்கிறது என்று நினைக்கிறேன். ரிசர்வ் வங்கி 2025 பிப்ரவரியில் தொடங்கி ஜூனுக்குள் ரெப்போ வட்டியை (வங்கிகளுக்கு அது கடன் தரும் வட்டி) 6.5 இலிருந்து 5.5 சதவீதமாகக் குறைத்தது. ஃபுளோட்டிங் வட்டியில் இருந்தும் நீங்கள் இன்னும் 8.5 சதவீதமே கட்டுகிறீர்கள் என்றால், குறைப்பு உங்களுக்கு வந்து சேரவில்லை, அல்லது உங்கள் கடன் ரெப்போவோடு இணைக்கப்படவில்லை. வங்கிக் கிளைக்குப் போய் ரெப்போவோடு இணைந்த வட்டிக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுங்கள். மாற்றுக் கட்டணம் எவ்வளவு என்றும் கேளுங்கள். 7.75 சதவீதம் கிடைத்தால், மீதமுள்ள 18 ஆண்டுக்கு இ.எம்.ஐ. சுமார் 1,700 ரூபாய் குறையும். கிடைக்காமல் போன அந்த 7,500-ல் கிட்டத்தட்ட கால்வாசி. வங்கிகள் தாமாகச் செய்யும்போது தவணைக் காலத்தைக் குறைத்துவிட்டு இ.எம்.ஐ.யை அப்படியே விட்டுவிடும். உங்களுக்கு இப்போது தேவை கையில் ரொக்கம், ஆகவே இ.எம்.ஐ.யைக் குறைக்கச் சொல்லிக் கேளுங்கள்.

இப்போது மாதம் மிஞ்சும் 16,000 முதல் 21,000, அதோடு இந்த 1,700. ஓர் ஆண்டில் 2 லட்சத்துக்கு மேல் சேரும். அது ஆர்.டி.யிலோ (மாதாமாதம் போடும் வங்கி டெபாசிட்), நினைத்தபோது எடுக்கக்கூடிய லிக்விட் ஃபண்டிலோ இருக்கட்டும், பங்குச் சந்தை வேண்டாம். மூன்று மாத இ.எம்.ஐ. தனியாகக் கணக்கில் கிடக்கிறது என்று தெரிந்தவர் மேலாளர் அறைக்குள் போய்ப் பேசும் விதமே வேறு. என்னிடம் வந்தவர்களில் பலரிடம் இதை நேரில் பார்த்திருக்கிறேன்.

அந்த அறையில் பேச வேண்டியது இரண்டே விஷயம். அடுத்த பட்ஜெட்டில் உதவி மேலாளர் இடம் ஒன்று கேட்கப்போகிறீர்களா? கேட்டால், என் இடத்துக்கு யாரை நான் இப்போதிருந்து பழக்கட்டும்? இதை அக்டோபருக்குள் கேளுங்கள், டிசம்பரில் கணக்கு மூடிவிடும். கூடவே, அடுத்த கஸ்டமர் ஆடிட்டில் நீங்களே முன்னால் நின்று பதில் சொல்லும் வாய்ப்பைக் கேட்டு வாங்குங்கள். வாகனத் தொழிலின் தர நிர்ணயமான ஐ.ஏ.டி.எஃப். 16949-க்கான உள் தணிக்கையாளர் சான்றிதழ் இல்லையென்றால் அதற்கும் இந்த ஆண்டே அனுப்பச் சொல்லுங்கள். உள்ளே பயன்படாவிட்டாலும் ஸ்ரீபெரும்புதூர், மறைமலை நகர் பக்கம் எந்த ஆலைக்குப் போனாலும் பயன்படும். வெளியே தேடுவதையும் இன்றே தொடங்குங்கள், சம்பளம் வந்துகொண்டிருக்கும்போதே. அடுத்த ஏப்ரலிலும் பெயர் வரவில்லை என்றால், ஆஃபர் கடிதத்தை வாங்கிக்கொண்டு நிம்மதியாகப் போகலாம்.

கடைசியாக அம்மாவின் மருத்துவக் காப்பீடு. உங்கள் கம்பெனியின் குரூப் பாலிசியில் அவர் இருந்தால், நீங்கள் விலகும் நாளோடு அது முடிந்துவிடும். ஏற்கெனவே உள்ள நோய்க்குத் தனி பாலிசியில் அதிகபட்சம் மூன்று ஆண்டு வரை காத்திருப்புக் காலம் வைக்கலாம் என்பது இப்போதைய விதி. ஆகவே நீங்கள் வேலையில் இருக்கும்போதே அவர் பெயரில் தனி பாலிசி எடுங்கள். காத்திருப்புக் காலம் இன்றிலிருந்தே ஓடத் தொடங்கும், அதுவரை கம்பெனி பாலிசி காக்கும். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் மருத்துவக் காப்பீட்டுக்கு ஜி.எஸ்.டி. இல்லை. விண்ணப்பத்தில் சர்க்கரை நோயை மறைக்காமல் எழுதுங்கள், எத்தனை ஆண்டாக, என்ன மாத்திரை என்பது உட்பட. மற்றதெல்லாம் மாதக்கணக்கில் செய்யலாம், இதை இந்த வாரமே செய்யுங்கள்.