நடுராத்திரியில் விழிக்கும் பிள்ளை: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: என் மகனுக்கு ஒன்றே முக்கால் வயது. ராத்திரி எட்டரைக்குப் பாட்டிலில் பால் குடித்தபடியே தூங்கிவிடுவான். பிறகு பதினொன்று, ஒன்றரை, நான்கு என்று எழுந்து அழுகிறான். ஒவ்வொரு தடவையும் 120 மி.லி. பால் கொடுத்தால்தான் மறுபடி தூங்குகிறான். இது பசியா, பழக்கமா? எப்படி நிறுத்துவது?

பதில்: பகலில் நன்றாகச் சாப்பிட்டு, எடையும் ஒழுங்காக ஏறுகிற பிள்ளைக்கு இந்த வயதில் ராத்திரிப் பால் தேவையில்லை. பழக்கம்தான். ஆனால் தினமும் அதே நேரத்தில் பால் போவதால் வயிறும் அப்போது நிஜமாகவே கேட்கும். அதனால் பிடிவாதம் என்று கோபப்படாதீர்கள்.

சின்னப் பிள்ளைகளின் தூக்கம் ஏறக்குறைய ஒரு மணி நேரச் சுற்றுகளாக ஓடும். சுற்று முடிகிற இடத்தில் லேசாக விழிப்பு வருவது எல்லாப் பிள்ளைக்கும் உண்டு. தானாகத் தூங்கத் தெரிந்த பிள்ளை புரண்டு படுத்துக்கொள்ளும். உங்கள் மகன் கண்ணை மூடும்போது வாயில் பாட்டில் இருந்தது, விழிக்கும்போது இல்லை. அதைத்தான் தேடி அழுகிறான். ஆகவே மாற்ற வேண்டியது ஒன்றரை மணியை அல்ல, எட்டரை மணியை.

கடைசிப் பாலை எட்டு மணிக்கே, உட்கார வைத்து, கப்பில் கொடுங்கள். அதன் பிறகு பல் துலக்கி, டயபர் மாற்றி, மங்கலான வெளிச்சத்தில் இரண்டு கதை. அரை மணிக்குள் இவ்வளவும் முடியட்டும். தினமும் இதே வரிசைதான். விழித்திருக்கும்போதே படுக்கையில் விட்டுவிடுங்கள். முதல் மூன்று இரவு பக்கத்தில் உட்கார்ந்து முதுகில் கை வைத்திருங்கள். அடுத்த மூன்று இரவு கை வேண்டாம், பக்கத்தில் இருந்தால் போதும். அதற்கடுத்த மூன்று இரவு நாற்காலியை மூன்றடி தள்ளிப் போடுங்கள், பிறகு வாசலருகே. இரண்டு வாரம் ஒதுக்கிக்கொள்ளுங்கள். இந்த நாட்களில் படுக்கையில் விட்ட பிறகு பேச்சு, பாட்டு, விளையாட்டு எதுவும் கூடாது. “தூங்குற நேரம் கண்ணா” என்ற ஒரே வாக்கியம் போதும்.

இது தொடங்கி நான்கைந்து நாள் கழித்து ராத்திரிப் பாலில் கை வையுங்கள். மூன்று தடவையும் ஒன்றுபோல 90 மி.லி. ஆக்கி இரண்டு இரவு, 60 ஆக்கி இரண்டு இரவு, பிறகு நிறுத்திவிடுங்கள். தாகம் என்று தோன்றினால் கப்பில் ஒரு மடக்குத் தண்ணீர். இப்போது ராத்திரியில் எழுந்து குடிப்பது மட்டுமே 360 மி.லி. ஆகிறது, கவனித்தீர்களா? ஒரு நாள் முழுவதற்குமே 500 மி.லி.க்குள் பால் போதும். அதற்கு மேல் போனால் சோற்றுப் பசி அடங்கிவிடும், இரும்புச்சத்தும் குறையும். அந்தக் குறைவே பிள்ளையைத் தூக்கத்தில் புரள வைக்கலாம். போதாக்குறைக்கு, தூக்கத்தில் எச்சில் சுரப்பது குறைவதால் பால் பல்லிலேயே தங்கும். மேல்வரிசை முன்பற்கள்தான் முதலில் சொத்தையாகும்.

பெரும்பாலும் கெட்டுப்போகிற இடம் ஒன்று உண்டு. இரண்டு மூன்று நாளில் அழுகை குறைந்த மாதிரி இருக்கும், திடீரென்று ஒரு ராத்திரி முன்னைவிடப் பலமாக வரும். அன்றைக்கு மனம் இளகி, ‘இன்றைக்கு மட்டும்’ என்று பாட்டிலை நீட்டினால், நீண்ட நேரம் அழுதால் கிடைக்கும் என்று பிள்ளை கற்றுக்கொள்ளும். பக்கத்தில் போய்த் தட்டிக்கொடுக்கலாம், தவறில்லை, பாட்டில்தான் வேண்டாம். வீட்டில் எல்லோரும் இதில் ஒரே மாதிரி இருக்க வேண்டும். காய்ச்சல் வந்தால் நிறுத்திவைத்து, தேறியபின் தொடருங்கள்.

கேள்வி: இரண்டரை வயது மகள், தூங்கி இரண்டு மணி நேரத்துக்குள் அலறி எழுகிறாள். கண் திறந்திருக்கிறது, என்னையே அடையாளம் தெரியவில்லை. காலையில் எதுவும் நினைவில்லை. பயமாக இருக்கிறது.

பதில்: பார்க்கிறவர்களுக்குத்தான் பயம், அவள் ஆழ்ந்த தூக்கத்திலேயே இருக்கிறாள். கெட்ட கனவு பின்னிரவில் வரும், பிள்ளையும் முழுதாக விழித்து உங்களைக் கட்டிக்கொள்ளும். இது வேறு. உலுக்கி எழுப்பினால் குழப்பம் கூடும். இடித்துக்கொள்ளாமல் பார்த்துக்கொண்டு பக்கத்தில் இருங்கள், சில நிமிடங்களில் தானே அடங்கும். அளவுக்கு மீறிய களைப்புதான் பெரும்பாலும் தூண்டுகிறது. பகல் தூக்கத்தை அண்மையில் நிறுத்தியிருந்தால் திரும்பக் கொண்டுவாருங்கள், படுக்கும் நேரத்தை அரை மணி முன்னே தள்ளுங்கள். தினமும் ஒரே நேரத்தில் வந்தால், அதற்குக் கால் மணி முன்பு மெல்லத் தொட்டு லேசாக அசைய வைத்து மறுபடி தூங்க விடுங்கள். இரண்டு முதல் நான்கு வாரம் செய்து பார்க்கலாம். கை கால் வெட்டினாலோ, உடம்பு விறைத்தாலோ, ஒரே ராத்திரியில் பல தடவை வந்தாலோ செல்போனில் வீடியோ எடுத்து டாக்டரிடம் காட்டுங்கள்.

கேள்வி: பகலில் தூங்கவே விடாமல் வைத்திருந்தால் ராத்திரி நன்றாகத் தூங்குமா? பிள்ளைக்கு இரண்டு வயது.

பதில்: தூங்காது. களைத்துப்போன பிள்ளை தூங்கவும் சிரமப்படும், அடிக்கடி விழிக்கவும் செய்யும். இந்த வயதில் பகலும் இரவும் சேர்த்து 11 முதல் 14 மணி நேரத் தூக்கம் வேண்டும். மதியத் தூக்கத்தை மூன்று மணிக்குள் முடித்துவிடுங்கள்.

கேள்வி: சளி மருந்து கொடுத்தால் பிள்ளை அசந்து தூங்கும் என்கிறார்களே?

பதில்: கொடுக்கவே கொடுக்காதீர்கள். தூக்கத்துக்காகக் கொடுக்கிற மருந்தல்ல அது. அளவு மீறினால் மூச்சே பாதிக்கப்படும். சில பிள்ளைகள் அதைக் குடித்துவிட்டுத் தூங்காமல் துள்ளவும் செய்யும். சளி இல்லாத நாளிலும் பிள்ளை குறட்டை விட்டால், வாயைத் திறந்தே தூங்கினால், இடையில் மூச்சு நின்று திணறினால், காரணம் அடினாய்டு, அதாவது மூக்குக்குப் பின்னால் இருக்கும் சதையின் வீக்கமாக இருக்கலாம். அப்போது போக வேண்டியது காது மூக்கு தொண்டை டாக்டரிடம்.