கொள்ளைநோய் எப்படித் தேசியப் பாதுகாப்புப் பிரச்சினை ஆகும்?

படையெடுப்பே இல்லாமல் அரசு முடங்கிப்போகும் என்பதால்தான். 2014இல் மேற்கு ஆப்பிரிக்காவின் லைபீரியா, கினி, சியரா லியோனில் எபோலா வைரஸ் நோய் பரவியபோது மருத்துவர்களும் செவிலியர்களும்கூட மாண்டார்கள். பல இடங்களில் பிரசவம் பார்க்கக்கூட ஆளில்லை. செப்டம்பரில் ஐ.நா. பாதுகாப்பு அவை, 2177ஆம் தீர்மானத்தில், இதை உலக அமைதிக்கே அச்சுறுத்தல் என்றது.

அதற்காகத் துப்பாக்கியைத் தூக்கினால் காரியம் கெடும். அதே ஆண்டு ஆகஸ்டில் லைபீரியத் தலைநகர் மன்ரோவியாவின் வெஸ்ட் பாயின்ட் குடிசைப் பகுதியை ராணுவம் அடைத்தது. கலவரம், துப்பாக்கிச்சூடு, ஒரு சிறுவன் பலி. பத்தே நாளில் அடைப்பை விலக்கினார்கள். மிரட்டினால் நோயாளியை வீட்டுக்குள் ஒளிப்பார்கள், யார் யாரைத் தொட்டார்கள் என்ற பட்டியல் அறுந்துபோகும்.

பலன் தந்தவை: தொடர்பில் இருந்தவர்களுக்கு 21 நாள் தினமும் காய்ச்சல் பார்ப்பது, சடலத்துக்கு 0.5 சதவீதக் குளோரின் கரைசல் தெளித்துப் புதைப்பது. ராணுவத்துக்கு உகந்த வேலை கூடாரம் போடுவது, ஆய்வகம் அமைப்பது, சரக்கு விமானம் ஓட்டுவது.