உளுந்து வேரில் முடிச்சைக் காணோம்: ரைசோபியம் வேலை செய்யவில்லையா?

கேள்வி: ஒரு ஏக்கர் மானாவாரி உளுந்து. விதையில் கார்பென்டாசிம் பூஞ்சாணக் கொல்லி கலந்து, அன்றைக்கே ரைசோபியம் உயிர் உரமும் கலந்து விதைத்தேன். முப்பதாம் நாள் செடியைப் பிடுங்கினால் வேரில் முடிச்சே இல்லை. உயிர் உரம் போலியா?

பதில்: போலி என்று இப்போதே முடிவு கட்டாதீர்கள். முதலில், பிடுங்கிப் பார்த்தது சரியில்லை. பிடுங்கும்போது முடிச்சுகள் அறுந்து மண்ணிலேயே தங்கிவிடும். பூக்கும் சமயத்தில் நாலைந்து இடத்தில் மண்வெட்டியால் மண்ணோடு பெயர்த்தெடுத்து, வாளித் தண்ணீரில் மெதுவாக அலசுங்கள். முடிச்சை நகத்தால் பிளந்தால் உள்ளே இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும். அப்படியிருந்தால் முடிச்சுக்குள் இருக்கும் ரைசோபியம் பாக்டீரியா காற்றிலுள்ள தழைச்சத்தை (நைட்ரஜன்) பிடித்துச் செடிக்குக் கொடுக்கிறது. வெள்ளையாகவோ பச்சையாகவோ இருந்தால் அந்த முடிச்சால் பயனில்லை.

அலசியும் முடிச்சு இல்லையென்றால், என் சந்தேகம் கார்பென்டாசிம் மேல்தான். ரைசோபியம் உயிருள்ள பாக்டீரியா. பூஞ்சாணக் கொல்லி கலந்த விதையில் 24 மணி நேரம் கழித்துத்தான் அதைச் சேர்க்க வேண்டும். அடுத்த பட்டத்தில் கார்பென்டாசிமையே விட்டுவிடுங்கள். கிலோ விதைக்கு 4 கிராம் டிரைக்கோடெர்மா விரிடி (நன்மை செய்யும் பூஞ்சாணம்) அல்லது 10 கிராம் சூடோமோனாஸ் (நன்மை செய்யும் பாக்டீரியா) போதும். வேரழுகலுக்கு அதுவே காவல், ரைசோபியத்தோடும் ஒத்துப்போகும். அதை முதலில் கலந்துவிட்டு, பிறகு ரைசோபியம்.

ரைசோபியம் அளவு ஹெக்டேருக்கு 600 கிராம். உங்கள் ஏக்கருக்கான 8 கிலோ விதைக்கு 200 கிராம் பொட்டலம் ஒன்றேகால் வரும். ஆறிய அரிசிக் கஞ்சியில் குழைத்து, விதை முழுக்கக் கறுப்பாக ஒட்டும்வரை கையால் புரட்டுங்கள். கஞ்சி சொட்டக் கூடாது. சாக்கில் பரப்பி நிழலில் அரை மணி நேரம் உலர்த்தி, அன்றே ஈர மண்ணில் விதையுங்கள். பாஸ்போபாக்டீரியாவும் சேர்த்தால் இன்னும் நல்லது. முடிச்சு வளர மணிச்சத்து (பாஸ்பரஸ்) வேண்டும், மண்ணில் கரையாமல் கிடக்கும் மணிச்சத்தை அது கரைத்துத் தரும்.

வாங்கும்போது பொட்டலத்தில் பயிர்ப் பெயரையும் காலாவதித் தேதியையும் பாருங்கள். கடையில் வெயில் படும் இடத்தில் கிடந்த பொட்டலம் வேண்டவே வேண்டாம்.

இலை வெளிறுகிறதே என்று யூரியாவை அள்ளி வீசாதீர்கள். தழைச்சத்து மண்ணில் தாராளமாகக் கிடைத்தால் செடி முடிச்சு விடாது. இந்தப் பயிரைத் தேற்ற, 4 கிலோ டிஏபி உரத்தை இரவே தண்ணீரில் ஊறவைத்து, தெளிந்த நீரை வடித்து 200 லிட்டராக்கி, பூக்கும்போது ஒருமுறையும் 15 நாள் கழித்து மறுமுறையும் மாலையில் தெளியுங்கள்.