நாம் இல்லாத கண்ணாடி

அன்புள்ள ஆசிரியருக்கு,

உங்கள் கதைகளில் எங்காவது ஒரு கண்ணாடி வந்துவிடுகிறது. எனக்கும் அந்தக் கிறுக்கு உண்டு. ஓவியத்தில் கண்ணாடி இருந்தால் மற்ற எதையும் விட்டுவிட்டு அதைத்தான் முதலில் பார்ப்பேன். என் மனைவி இதைத் தற்காதல் என்று கேலி செய்கிறார். அப்படித்தானா?

கே.

அன்புள்ள கே.,

தற்காதல் என்றால் வீட்டுக் கண்ணாடியே போதுமே, ஓவியம்வரை போவானேன்? சவரம் செய்யும்போதுகூட நான் தாடையைத் தவிர வேறெதையும் பார்ப்பதில்லை.

ஆனால் கண்ணாடி என்கிற பொருள் என்னை விடுவதில்லை. குளித்து முடித்ததும் ஆவி படிந்த கண்ணாடியின் முன் நின்று, ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு, தெரியும் முகத்தின் விளிம்பை விரலால் வரைந்து பாருங்கள். பிறகு அளந்தால், கோடு உங்கள் முகத்தில் சரிபாதிதான் இருக்கும். கை எட்டும்வரை பின்னால் தள்ளி நின்று வரைந்தாலும் அதே பாதிதான். கண்ணாடிக்கு முன்னால் நாம் எவ்வளவு தூரமோ, பின்னால் பிம்பமும் அவ்வளவு தூரம், கண்ணாடி நட்டநடுவில். தினமும் பார்க்கிறோம், கண்ணில் படுவதே இல்லை. நானும் ஒருவர் சொல்லித்தான் வரைந்து பார்த்தேன், நம்பாமல் இரண்டு முறை.

சரி, ஓவியத்துக்கு வருவோம். யான் வான் எய்க் 1434இல் வரைந்த அர்னோல்ஃபினி ஓவியத்தில் ஓர் ஆணும் பெண்ணும் அறையில் நிற்கிறார்கள். பின்சுவரில் சின்னதாக ஒரு குவியாடி. அதற்குள் அந்த இருவரின் முதுகு, வளைந்துபோன சன்னல், அப்புறம் வாசலில் இன்னும் இரண்டு பேர். அந்த இரண்டு பேரும் நிற்பது நாம் நின்று பார்க்கும் பக்கத்தில். கண்ணாடிக்கு மேலே ‘யான் வான் எய்க் இங்கிருந்தார்’ என்று லத்தீனில் எழுதியிருக்கிறது. அவர் இருந்தார், நாம் இல்லை. நிஜக் கண்ணாடி எதிரே நிற்பவரை ஒருபோதும் விடாது. வரைந்த கண்ணாடியின் எதிரே எவ்வளவு நேரம் நின்றாலும் அதில் நம் இடத்தில் வேறு யாரோ நிற்கிறார்கள். ஸ்பெயின் ஓவியர் வெலாஸ்கெஸ் 1656இல் வரைந்த ‘லாஸ் மெனினாஸ்’ ஓவியத்தின் கண்ணாடியில் அது அந்நாட்டு ராஜாவும் ராணியும். என்னை இழுப்பது இந்த ‘நான் இல்லாமை’தான். தற்காதலுக்கு நேர் எதிர் என்று வேண்டுமானால் சொல்லுங்கள்.

உங்கள் மனைவியிடம் காதல் தேவதை வீனஸை வெலாஸ்கெஸ் வரைந்த ஓவியத்தைக் காட்டுங்கள். அர்னோல்ஃபினி இருக்கும் அதே லண்டன் தேசியக் கலைக்கூடத்தில்தான் அதுவும் இருக்கிறது. முதுகைக் காட்டிப் படுத்திருக்கிறாள், எதிரே கண்ணாடியில் அவள் முகம் மங்கலாகத் தெரிகிறது. தன் அழகைத் தானே ரசிக்கிறாள் என்றுதான் பார்க்கிறவர்களெல்லாம் சொல்வார்கள். நமக்கு அவள் முகம் தெரிகிறதென்றால், அதே கண்ணாடியில் அவளுக்கு நம் முகமல்லவா தெரியும்? அவள் தன்னைப் பார்க்கவே இல்லை.